வாரன்ட் இல்லாமல் சிறைக்குள்: ஆர்.டி. உபாத்யாய் வழக்கும் தாயோடு போகும் குழந்தையும்

ரிமாண்டு உத்தரவில் ஒருவர் பெயர்தான் இருக்கும். சிறை வாசலைத் தாண்டி உள்ளே போவதோ இரண்டு பேர். தாயின் இடுப்பில் இருக்கும் குழந்தையின் பெயரில் முதல் தகவல் அறிக்கை இல்லை, வாரன்ட் இல்லை, வாய்தா தேதியும் இல்லை. ஆனாலும் மாலையில் பிளாக்கைப் பூட்டும்போது அதற்கும் சேர்த்துத்தான் பூட்டு விழுகிறது. இந்தக் குழந்தையைச் சட்டம் என்னவென்று பார்க்கிறது என்ற கேள்விக்கு இந்தியாவில் முழுமையாகப் பதில் சொன்ன வழக்கு ஒன்றுதான்: ஆர்.டி. உபாத்யாய் எதிர் ஆந்திரப் பிரதேச மாநிலம். உச்ச நீதிமன்றம் 2006 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பளித்தது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 சிறைப் புள்ளிவிவரம் பிரச்சினையின் அளவைக் காட்டுகிறது. அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் பெண்கள் 23,772 பேர், அதாவது நூற்றுக்கு நான்கு. அவர்களில் 1,537 பேர் குழந்தைகளோடு இருந்தார்கள். குழந்தைகள் மொத்தம் 1,764. அந்தத் தாய்மாரில் 1,312 பேர் விசாரணைக் கைதிகள், தண்டனைக் கைதிகள் 198 பேர் மட்டுமே. நூற்றுக்கு எண்பத்தைந்து தாய்மார்மீது இன்னும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. பாலும் பள்ளியும் பற்றி நிறையப் பேசும் இந்தத் தீர்ப்பில் ஜாமீனையும் விரைவு விசாரணையையும் தொடும் வரிகளுக்கே நாம் அதிக எடை தருவதற்கு இந்தக் கணக்குத்தான் காரணம்.

வழக்கு வந்த வழி

1994-ஆம் ஆண்டின் 559-ஆம் எண் ரிட் மனு தொடங்கியபோது அது குழந்தைகளைப் பற்றியதாக இல்லை. சிறைகளில் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்த விசாரணைக் கைதிகளைப் பற்றியது அது. நடுவழியில்தான் தாய்மாரோடு இருக்கும் குழந்தைகளின் நிலைமை நீதிமன்றத்தின் கண்ணில் பட்டது. மத்திய அரசிடமும் எல்லா மாநிலங்களிடமும் பதில் கேட்டார்கள். குழந்தைக்கு என்ன சாப்பாடு, எத்தனை வயது வரை உள்ளே வைத்திருக்கிறீர்கள், பாலர் பள்ளி உண்டா, மருத்துவர் வருகிறாரா என்ற கேள்விகளுக்கு மாநிலத்துக்கு ஒரு பதில் வந்தது. வயது வரம்பில்கூட ஒற்றுமை இல்லை.

தேசியக் குற்றவியல் மற்றும் தடய அறிவியல் நிறுவனம் 1997 முதல் 2000 வரை நடத்திய ஆய்வு ஒன்றும் நீதிமன்றத்தின் முன் வந்தது. பல சிறைகளில் வைத்திருந்த குழந்தைகளைப் பற்றியது அது. அதிலிருந்து தீர்ப்பில் இடம்பெற்ற இரண்டு செய்திகள் மறக்க முடியாதவை. பெண்கள் பிளாக்கிலேயே வளர்ந்த ஆண் குழந்தைகள் பெண்பாலில் பேசுகிறார்கள் என்பது ஒன்று. தமிழில் ‘நான் போகிறேன்’ என்பதற்கு ஆண் பெண் வேறுபாடு கிடையாது. இந்தியில் உண்டு. சுற்றிலும் பெண் குரல்களை மட்டுமே கேட்டு வளரும் பையன் தன்னைப் பெண்பாலில்தான் சொல்லிக்கொள்வான். தாயோடு நீதிமன்றத்துக்குப் போகும் வழியில் சாலையில் தென்படும் மிருகங்களைப் பார்த்தே இக்குழந்தைகள் மிரளுகிறார்கள் என்பது இரண்டாவது.

தலைமை நீதிபதி ஒய்.கே. சபர்வால், நீதிபதிகள் சி.கே. தக்கர், பி.கே. பாலசுப்ரமணியன் அடங்கிய அமர்வு வழிகாட்டு விதிகளை வகுத்தது. அவற்றின் அடித்தளம் ஒரே வாக்கியம்தான்: தாயோடு சிறையில் இருக்கும் குழந்தையை விசாரணைக் கைதியாகவோ தண்டனைக் கைதியாகவோ நடத்தக் கூடாது. உணவு, உறைவிடம், மருத்துவம், உடை, கல்வி, விளையாட்டு எல்லாம் அதற்கு உரிமையாகவே சேர வேண்டும்.

கர்ப்பிணியைச் சிறைக்கு அனுப்பும் முன்

தீர்ப்பின் முதல் நிபந்தனை சிறை வாசலுக்கு முன்பே தொடங்குகிறது. கர்ப்பிணியை ஒரு சிறைக்கு அனுப்பும் முன், அங்கே பிரசவத்துக்கும் அதற்கு முன்பின்னான கவனிப்புக்கும் அடிப்படை வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழக்கத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் மாஜிஸ்திரேட் முன் நடக்கும் முதல் ரிமாண்டு. அங்கே யாரும் வாய் திறக்காவிட்டால், உள்ளே போன பிறகு கேட்பதற்கு வாரங்கள் ஆகிவிடும்.

கைது நடந்ததும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53-ஆம் பிரிவு. கைதானவர் பெண் என்றால் பெண் மருத்துவரோ அவருடைய மேற்பார்வையிலோதான் அது நடக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் பல நேரம் ‘வெளிக்காயம் இல்லை’ என்ற ஒரு வரியோடு முடிந்துபோகிறது. கர்ப்பமா, எத்தனையாவது வாரம், பால் கொடுக்கும் குழந்தை உண்டா என்ற மூன்று விவரமும் அதில் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் வக்கீல் ரிமாண்டை எதிர்க்கும் மனுவில் எழுதி, தாய்–சேய் நல அட்டையின் நகலை இணைக்கலாம். அட்டை வீட்டில் இருந்தால் உறவினர் யாராவது அன்றைக்கே கொண்டுவர வேண்டும். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் தரும் பிக்மி எண் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிறப்புப் பதிவுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள்.

சிறைக்குள் நுழைந்த பிறகு கர்ப்பம் தெரிந்தாலும் சந்தேகப்பட்டாலும், பெண் மருத்துவ அலுவலர் கண்காணிப்பாளருக்கு அறிக்கை தர வேண்டும். பரிசோதனை மாவட்ட அரசு மருத்துவமனையில் நடக்க வேண்டும். அனுமதித்த தேதி, தண்டனைக் காலம், விடுதலைத் தேதி, கர்ப்பத்தின் மாதம், பிரசவம் எதிர்பார்க்கும் தேதி ஆகியவை சிறைத்துறைத் தலைமைக்குப் போக வேண்டும். விசாரணைக் கைதிக்கு விடுதலைத் தேதி என்று ஒன்று இல்லை என்பதையும் கவனியுங்கள். தண்டனைக் கைதியை மனத்தில் வைத்து எழுதிய படிவம் இது. உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்டத்துக்குள் அடங்குவதில்லை.

சறுக்கல் பெரும்பாலும் வழிக்காவலில்தான் நிகழ்கிறது. மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஆயுதப்படைப் பெண் காவலர் வேண்டும். திருவிழா பந்தோபஸ்து, தேர்தல், முக்கியஸ்தர் வருகை என்று ஏதாவது வந்துவிட்டால் முதலில் தள்ளிப்போவது கர்ப்பிணியின் ஸ்கேன் தேதி. இருபதாவது வாரத்தை ஒட்டி எடுக்க வேண்டிய ஸ்கேனை இருபத்தாறாவது வாரத்தில் எடுத்தால் பயன் குறைவு. வழிக்காவல் இல்லாமல் தவறிய ஒவ்வொரு தேதியையும் எழுத்தில் கேட்டு வாங்கினால், அடுத்த ஜாமீன் மனுவுக்கு அதைவிட வலுவான இணைப்பு வேறில்லை.

விலங்கு பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரசவ வலியின்போதும் பிரசவத்தின்போதும் அதை ஒட்டியும் பெண்ணுக்கு எந்தக் கட்டும் போடக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2010 டிசம்பரில் ஏற்ற பாங்காக் விதிகளின் 24-ஆம் விதி சொல்கிறது. நம் புதிய சட்டமோ 43(3)-ஆம் பிரிவில் சில குற்றங்களுக்குக் கைவிலங்கு போட அனுமதி கொடுத்திருக்கிறது. போதைப்பொருள் குற்றம் அந்தப் பட்டியலில் உண்டு. கர்ப்பிணிக்கு விலக்கு என்று ஒரு வரி அதில் இல்லை. நான்கு சொல்லில் சேர்த்திருக்கக் கூடிய விலக்கு அது.

பிரசவமும் பிறப்புச் சான்றிதழும்

பிரசவம் சிறைக்கு வெளியே, மருத்துவமனையில் நடக்க வேண்டும் என்பதையே தீர்ப்பு விதியாக வைக்கிறது. அதற்குத் தற்காலிக விடுதலையோ, சிறு குற்றம் செய்தவருக்குத் தண்டனை நிறுத்திவைப்போ தர வேண்டும். பாதுகாப்பு அச்சம் கடுமையாக இருக்கும் அபூர்வ வழக்கில் மட்டுமே மறுக்கலாம்.

இந்த விதியும் விலக்கும் எப்படி இடம் மாறிக்கொள்கின்றன என்பதை 2020-இல் டெல்லியில் பார்த்தோம். ஜாமியா மிலியா மாணவி சஃபூரா ஜர்கர் அந்த ஏப்ரலில் கைதானபோது கர்ப்பிணி. பிறகு அவர்மீது உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமும் பாய்ந்தது. ஜூன் 4 அன்று விசாரணை நீதிமன்றம் ஜாமீனை மறுத்தது. உயர் நீதிமன்றத்தில் காவல்துறை வைத்த வாதங்களில் ஒன்று, கடந்த பத்து ஆண்டில் டெல்லிச் சிறைகளில் 39 பிரசவங்கள் நடந்திருக்கின்றன, எனவே கர்ப்பம் ஜாமீனுக்குக் காரணமாகாது என்பது. உபாத்யாய் தீர்ப்பை அறிந்தவருக்கு இந்த வாதம் தலைகீழாகத் தெரியும். அபூர்வமாக மட்டும் நடக்க வேண்டியது 39 முறை நடந்திருக்கிறது என்றால், அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியது சிறைத் தரப்பு. அதைச் சாதனைக் கணக்காக நீட்டினார்கள். கடைசியில் மனிதாபிமான அடிப்படையில் எதிர்க்கவில்லை என்று அரசுத் தரப்பு சொன்னதால் ஜூன் 23 அன்று ஜாமீன் கிடைத்தது. பிணை 10,000 ரூபாய். இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்ற குறிப்பும் கூடவே வந்தது. விதியாக 2006-லேயே இருந்ததைச் சலுகையாக 2020-இல் பெற வேண்டியிருந்தது.

சிறையில் பிறந்தாலும் பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் சிறை என்று இருக்கக் கூடாது, ஊரின் முகவரி மட்டும் போதும் என்பது இன்னொரு கட்டளை. படிக்க எளிது. படிவத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 8-ஆம் பிரிவில், சிறையில் நிகழும் பிறப்பைத் தெரிவிக்க வேண்டியவர் சிறை அதிகாரி என்கிறது. அதாவது தகவல் தருபவர் பெயரும் பதவியும் பதிவேட்டில் ஏறும். மருத்துவமனையில் பிரசவம் நடந்தால் தெரிவிப்பவர் அங்குள்ள மருத்துவ அலுவலர், அதோடு இந்தச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. மருத்துவமனைப் பிரசவத்தை வற்புறுத்த இது உடல்நலத்தைத் தாண்டிய ஒரு காரணம்.

ஆனால் இன்னொரு கட்டம் இருக்கிறது. சான்றிதழில் ‘குழந்தை பிறந்தபோது பெற்றோரின் முகவரி’ என்று ஒரு வரி உண்டு. நிரந்தர முகவரி அதற்கு அடுத்தது. வார்டில் படிவம் நிரப்புபவர் கைதியின் அனுமதிச் சீட்டைப் பார்த்து, இந்த முதல் கட்டத்தில் சிறையின் பெயரை எழுதிவிடக்கூடும். பிறந்த இடம் சரியாக அரசு மருத்துவமனை என்றிருக்கும், பக்கத்து வரியில் சிறை இருக்கும். தவறு தெரியவருவது ஐந்து வருடம் கழித்துப் பள்ளியில் சேர்க்கும்போது. பிறப்பைப் பதிய 21 நாள் அவகாசம் இருக்கிறது. அந்த நாட்களுக்குள் சட்ட உதவி வக்கீலோ நலஅலுவலரோ இரண்டு முகவரிக் கட்டத்திலும் வீட்டு முகவரி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். பின்னால் திருத்துவதற்கு அலைய வேண்டியிருக்காது.

அரை லிட்டர் பால்

தீர்ப்போடு ஓர் உணவு அளவுப் பட்டியலும் இருக்கிறது. ஒன்று முதல் மூன்று வயது வரை நாளொன்றுக்குத் தானியம் 60 முதல் 120 கிராம், பருப்பு 30 கிராம், பால் 500 மில்லி, கிழங்கு 50 கிராம், கீரை 50, மற்ற காய் 50, பழம் 100, சர்க்கரை 25, எண்ணெய் 20 கிராம். நான்கு முதல் ஆறு வயதுக்குத் தானியம் 150–210 கிராம், பருப்பு 45, கிழங்கு 100, சர்க்கரை 30, எண்ணெய் 25 என்று ஏறுகிறது. பாலின் அளவு மாறுவதில்லை. பருப்பில் ஒரு பங்குக்குப் பதிலாக முட்டையோ மீனோ கோழியோ தரலாம்.

பட்டியல் நல்ல பட்டியல். அது குழந்தையின் வயிற்றுக்குப் போகிறதா என்பது வழங்கும் முறையைப் பொறுத்தது. சிறைச் சமையல் பெரிய அண்டாவில், பெரியவர்களுக்காக, குறிப்பிட்ட நேரத்தில் நடக்கும் சமையல். ஒன்றரை வயதுக் குழந்தை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடும். மாலையில் பூட்டிய பிறகு இரவு பத்து மணிக்குப் பசித்து அழுதால் பாலைச் சூடாக்க அடுப்பு இல்லை. ஆகவே மொத்த இருப்பில் 500 மில்லி எழுதிக் கழிப்பதால் பயனில்லை. குழந்தையின் பெயரில் தனிப் பதிவேடு, காலை மாலை என்று பிரித்து வழங்குதல், வாங்கியதற்குத் தாயின் கையெழுத்து, பூட்டும் முன் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஆகியவை வேண்டும். ஒவ்வொரு தாய்க்கும் தனிப் பாத்திரம் தர வேண்டும் என்று தீர்ப்பே சொல்கிறது. சிறிய விஷயமாகத் தோன்றும். தாயின் தட்டிலேயே குழந்தைக்கும் சேர்த்து வாங்கினால் இருவர் பங்கும் ஒன்றாகிவிடும். தாய் தன் பங்கை விட்டுக்கொடுப்பதும், குழந்தை காரச் சாம்பாரில் பிசைந்த சோற்றுக்குப் பழகுவதும் அப்படித்தான்.

பெண் மருத்துவ அலுவலர் குழந்தையைத் தவறாமல் பார்க்க வேண்டும், தடுப்பூசி போட வேண்டும். எடை எழுதிய அட்டையை, இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் ஆய்வுக் குழு கேட்டுப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்து எடையைப் பார்த்தால் பால் யாருக்குப் போகிறது என்று தெரிந்துவிடும். மூன்று வயதுக்குக் கீழே குழந்தைகள் காப்பகம், மூன்று முதல் ஆறு வரை பாலர் பள்ளி, முடிந்தால் இரண்டும் சிறை வளாகத்துக்கு வெளியே என்கிறது தீர்ப்பு. வெளியே என்பதற்குக் காரணம் முன்பே சொன்ன மிருக பயம்தான்.

தமிழ்நாட்டில் புழல், வேலூர், திருச்சி, மதுரை, கோவை ஆகிய ஐந்து இடங்களில் பெண்களுக்குத் தனிச்சிறைகள் உள்ளன. நாடு முழுவதும் 2022-இல் பெண்கள் சிறைகள் 34 மட்டுமே இருந்தன என்பதோடு ஒப்பிட்டால் இது பெரிய எண்ணிக்கை. மற்ற இடங்களில் பெண்கள் பிளாக் என்பது ஆண்கள் சிறையின் ஒரு மூலை. கிளைச் சிறைகளில் நிலைமை இன்னும் மோசம் என்பதைத் தீர்ப்பே ஒப்புக்கொள்கிறது. சிறு குழந்தைகளை வைத்துக்கொள்ளத் தக்க இடமே அல்ல அவை.

தாயை வெளியே விடும் வரி

குழந்தைகள் சிறையில் இருக்கும் தாய்மாரின் வழக்குகளுக்கு முன்னுரிமை கொடுத்து விரைவாக முடிக்க வேண்டும் என்று விசாரணை நீதிமன்றங்களுக்கு உபாத்யாய் தீர்ப்பு கட்டளையிட்டது. பால், பள்ளி, பாத்திரம் பற்றிய வரிகளைச் சிறைத்துறை சுற்றறிக்கைகள் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டுகின்றன. இந்த வரியை வக்கீல்கள்கூட அதிகம் எடுத்துக்காட்டுவதில்லை. இதற்குத் தனிப் படிவம் எதுவும் வேண்டாம். ‘தாயோடு இத்தனை வயதுக் குழந்தை சிறையில் உள்ளது, 13.4.2006 தீர்ப்பின்படி முன்னுரிமை கோருகிறோம்’ என்று ஒரு பக்க மெமோ போதும். அதை வழக்குக் கட்டின் மேல் வைத்தால் அடுத்த வாய்தாவை ஒன்றரை மாதத்துக்குப் பதில் பத்து நாளில் கேட்க வாய் இருக்கும்.

ஜாமீனில் பெண்ணுக்குத் தனி இடம் உண்டு. பழைய சட்டத்தின் 437-ஆம் பிரிவும் இப்போதைய 480-ஆம் பிரிவும், மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றத்திலும் குற்றம் சாட்டப்பட்டவர் பெண் என்றால் ஜாமீனில் விடலாம் என்கின்றன. மாஜிஸ்திரேட்டுக்கு மட்டுமல்ல, செஷன்ஸ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் இந்த விலக்கைக் கருத வேண்டும் என்று 2022 ஜூலையில் சதேந்தர் குமார் அந்தில் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. படித்த, செல்வாக்குள்ள பெண்ணுக்கு இந்தச் சலுகை இல்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் எடுத்த நிலையை 2024 ஆகஸ்ட் 27 அன்று கே. கவிதா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அது பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு பற்றிய வழக்கு. அந்தச் சட்டத்திலும் பெண்களுக்கான விலக்கு எழுத்திலேயே இருக்கிறது.

இல்லாத இடம் போதைப்பொருள் சட்டம். அதன் 37-ஆம் பிரிவில் பெண், கர்ப்பிணி, பாலூட்டும் தாய் என்ற சொல்லே கிடையாது. வணிக அளவு என்று வந்துவிட்டால் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறதென்று நீதிமன்றம் திருப்தியடைய வேண்டும். கஞ்சாவுக்கு ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. இடைப்பட்டதற்கு 37-இன் கெடுபிடி இல்லை, அங்கே 480-இன் விலக்கைத் தாராளமாகக் கேட்கலாம். எனவே பொருளைக் கைப்பற்றியபோது எழுதிய மஹஜரில் இருக்கும் எடைதான் தாயின் விதியைத் தீர்மானிக்கிறது. நான்கு பேரிடமிருந்து 21 கிலோ என்று மொத்தமாக எழுதியிருந்தால், இந்தப் பெண்ணின் பையில் இருந்தது எத்தனை என்பதைப் பிரித்துக் கேட்க வேண்டும். வேர், தண்டு, விதையெல்லாம் சேர்த்து எடை போட்டார்களா என்பதும் வாதத்துக்குரியது. பூவும் காயும் கொண்ட மேல்நுனிதான் சட்டம் சொல்லும் கஞ்சா. அது இல்லாத விதையும் இலையும் அந்த விளக்கத்தில் வராது.

ஜாமீன் உத்தரவு வந்தும் வெளியே வராதவர்கள் தனிக் கூட்டம். சொத்து மதிப்புச் சான்றோடு உள்ளூர் ஜாமீன்தாரர் இருவர் வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். பெண்ணுக்கு ஜாமீன்தாரராக வழக்கமாக வர வேண்டியவர் கணவரோ மாமனாரோ. கணவரே அந்த வழக்கில் முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்டவராக இருக்கலாம், அல்லது கணவர் கொலைவழக்கில் இறந்தவராக இருக்கலாம். பிறந்த வீட்டில் மானம் போனதென்று கதவைச் சாத்தியிருப்பார்கள். ஆண் கைதிக்கு மனைவி ரேஷன் கார்டையும் வீட்டு வரி ரசீதையும் தூக்கிக்கொண்டு நீதிமன்ற வாசலில் நிற்பாள். பெண் கைதிக்கு அப்படி நிற்க ஆள் அரிது. சட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நிபந்தனை, நடப்பில் ஒன்றல்ல.

இதற்கு வழி உண்டு. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவுப்படி, ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் கைதி வெளியேறாவிட்டால் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் பிணை கொடுக்க முடியாவிட்டால் நீதிமன்றமே நிபந்தனையைத் தளர்த்துவதைப் பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்பது தாமதத்துக்கு ஒரு காரணம் என்றும் அந்த உத்தரவு சொல்கிறது. ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில், 2023-இல் வகுத்த விதிப்படி, விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை பிணைத்தொகை கிடைத்தது, தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 வரை. போதைப்பொருள், உபா, பணமோசடி, ஊழல் வழக்குகளுக்கு இது பொருந்தாது. தேவை அதிகமாக இருக்கும் கஞ்சா வழக்குத் தாய்மார் மறுபடியும் வெளியே நிற்கிறார்கள். எந்தப் பெண்ணுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. ‘உனக்கு வருமானச் சான்று இருக்கிறதா’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பினால் அது தவறு.

இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகக் கழித்திருந்தால் ஜாமீனில் விட வேண்டும் என்கிறது சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு. மற்றவர்களுக்குப் பாதி. மனுப் போட வேண்டிய பொறுப்பு கண்காணிப்பாளருடையது. மரணமோ ஆயுளோ விதிக்கத்தக்க குற்றத்துக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் கிடைக்காது. திருட்டு வழக்குகளில் ஒரே நாளில் மூன்று நான்கு வழக்குகள் கணக்குக் காட்டப்பட்ட பெண்கள் இந்த இரண்டாவது வேலியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆறாவது பிறந்தநாள்

ஆறு வயது முடிந்ததும் குழந்தை தாயோடு இருக்க முடியாது. தாய் விரும்பும் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் சமூக நலத்துறையின் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும். கூடியவரை சிறை இருக்கும் ஊரைத் தாண்டிய இல்லமாக அது இருக்கக் கூடாது. வாரம் ஒருமுறையாவது தாயும் குழந்தையும் சந்திக்க வேண்டும். தீர்ப்பு வந்தபின் 2015-இல் புதிய இளைஞர் நீதிச் சட்டம் வந்திருப்பதால், இப்போது இல்லத்துக்குப் போகும் பாதை குழந்தைகள் நலக் குழு வழியாகச் செல்கிறது.

ஆறு வயதுக்கு மேல் இருந்ததால் கைதான அன்றே வெளியில் விடப்பட்ட அண்ணன் அக்காவைப் பற்றி இந்தத் தீர்ப்பு அதிகம் பேசுவதில்லை. அவர்கள் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று ரிமாண்டின்போது கேட்டு எழுதினால்தான் ஆறு வயதுக் குழந்தையும் அதே வீட்டுக்குப் போக வாய்ப்பு. கேட்காமல் விட்டால் ஒரே தாயின் பிள்ளைகள் ஒன்று பாட்டி வீட்டிலும் மற்றொன்று இல்லத்திலும் வளரும்.

பிறந்தநாளுக்கு முதல்நாள் ஏற்பாட்டைத் தொடங்குவது பெருந்தவறு. ஆறு மாதம் முன்பே, ஐந்தரை வயதில், தாயிடம் எழுத்தில் விருப்பம் கேட்க வேண்டும். அவர் சொல்லும் உறவினரின் வீட்டைக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு போய்ப் பார்க்க வேண்டும். குழந்தையை இரண்டு மூன்று முறை பகலில் அங்கே விட்டுப் பழக்க வேண்டும். உயரமான மதிலும் பெண்களும் மட்டுமே தெரிந்த குழந்தைக்குத் திறந்த வாசலும் ஆண் குரலும் புதிது.

வாராந்திரச் சந்திப்புக்குக் குழந்தையை இல்லத்திலிருந்து சிறைக்கு அழைத்துவர வேண்டியவர் சமூக நலத்துறை என்பது தீர்ப்பின் ஏற்பாடு. வண்டி யாருடையது, கூட வரும் ஆயா யார், பள்ளி நாளில் எந்த நேரம் என்பதை இல்லமும் சிறையும் எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால் வாரம் ஒருமுறை என்பது மாதம் ஒருமுறையாகித் தீபாவளிக்குத் தீபாவளி ஆகும். சந்திப்பைக் கம்பி வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கத்தும் வழக்கமான மனு அறையில் வைப்பதிலும் பொருளில்லை. அந்த வயதுக்கு மடியில் உட்கார வேண்டும்.

தீர்ப்பு தொடாத ஓர் இடைவெளி தாயின் இடமாற்றம். குழந்தையை ஊர் தாண்டி அனுப்பாதே என்று சொன்ன தீர்ப்பு, தாயை ஊர் தாண்டி அனுப்பாதே என்று சொல்லவில்லை. நெரிசல், நிர்வாகக் காரணம் என்று திருச்சியிலிருந்து வேலூருக்குத் தாயை மாற்றினால், குழந்தை திருச்சி இல்லத்திலேயே இருக்கும், வாராந்திரச் சந்திப்பு அன்றோடு நின்றுபோகும். ஆகையால் குழந்தை எந்த இல்லத்தில் இருக்கிறது என்பது தாயின் சிறைக் கோப்பின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். மாற்றல் உத்தரவு வந்த அன்றே கண்காணிப்பாளருக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் மூன்று மனுக்கள் போக வேண்டும். வண்டி ஏறிய பிறகு போடும் மனு, பெரும்பாலும் தாயைத் திரும்பக் கொண்டுவருவதில்லை.